ஏழாவது பாரா

வெர்னா லிண்டால் எந்தக் கடிதத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவாள். வாஷிங்டனில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் கடிதப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் அவள். உறை பிரித்ததும் தாளைக் கவிழ்த்துக் கடைசி வரியில் விரலை வைப்பாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அதைப் பார்த்து, "வெர்னா துப்பறியும் கதையக்கூட முடிவைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க போலிருக்கு" என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவள் காதில் விழும். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும், அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை.

முதல் ஐந்து ஆண்டுகள் அவளும் எல்லாரையும் போல மேலிருந்து கீழேதான் படித்தாள். சரியாகச் சொன்னால், மேலே மட்டும் படித்தாள்.

அவளும் என்னைப் போல வடக்கு டகோட்டாக்காரி. கோதுமையும் காற்றும் தவிர வேறொன்றும் அதிகம் விளையாத எங்கள் பக்கம். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். மறுபடி கேட்டால், வீண் சிரமம் என்பார். மூன்றாவது தடவை கேட்டால், சரி அரைக் கோப்பை என்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் விதைக்கும் கருவியை இரவல் கேட்க வந்திருப்பார். ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பேசுவார், பசுவைப் பற்றிப் பேசுவார், பாதிரியாரின் இருமலைப் பற்றிப் பேசுவார். தொப்பியைத் தலையில் வைத்து, கதவுப் பிடியில் கையும் வைத்த பிறகுதான், "அப்புறம், அந்த விதைக் கருவி சும்மாதான் கிடக்குதுன்னா..." என்று இழுப்பார். இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதோடு சரி. மறுபடி கேட்பது எங்களிடம் மானக்கேடு.

ஆர்விட் ஸ்டென்சன் தேர்தலில் ஜெயித்து வாஷிங்டனுக்குக் கிளம்பியபோது, தானியக் கிடங்குக் கணக்கரின் மகளான வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணமே இதுதான். "தட்டச்சு பண்ற பொண்ணுங்க அங்க தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பாங்க. நம்ம சனங்க என்ன கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்க ஒரு ஆள் வேணும். அவங்க வாயில சொல்றது ஒண்ணு, கேக்க வந்தது ஒண்ணு. உனக்கு அது தெரியும்" என்றார். அவளுக்குத் தெரியும்தான். தெரிந்தவள் என்பதற்காகத்தான் வேலையே கிடைத்தது. பின்னால் நடந்ததை நினைக்கும்போது மற்ற எதையும்விட அவளைக் குத்துவது இதுதான்.

அலுவலகத்தில் ஒரு இயந்திரம் இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளில் இருபது பாராக்கள் பதிந்திருக்கும். பெயரையும் முகவரியையும் மட்டும் தட்டிவிட்டு எண் பொத்தான்களை அழுத்தினால், அந்தந்தப் பாராவை அதுவே தட்டச்சுச் செய்து தள்ளும். கையால் அடித்த கடிதம் போலவே இருக்கும். இரண்டு என்றால் 'தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி'. நான்கு என்றால் கோதுமை விலை. ஒன்பது, நாடாளுமன்றக் கட்டடத்தில் பறந்த கொடி கேட்பவர்களுக்கு. பதினைந்து, வீட்டாரை விசாரித்ததாகச் சொல்லி முடிப்பு. கையெழுத்துக்கும் ஒரு இயந்திரப் பேனா உண்டு. வெர்னாவின் வேலை, வந்த கடிதத்தை ஒரு பார்வை பார்த்து, தாளின் மூலையில் பென்சிலால் எண்களைக் குறித்துக் கொடுப்பது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கடிதம், சில நாள் இருநூறு. ராணுவத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சிக்கல் என்று யாராவது எழுதினால் அதற்கு எண் கிடையாது. அதைத் தனியே எடுத்து, ஒரு துண்டுச் சீட்டு எழுதி, இரண்டு மாடி கீழே இருந்த ராணுவத் தொடர்பு அலுவலகத்தில் அவளே நேரில் கொடுத்துவிட்டு வருவாள்.

வியட்நாம் போர் பெருக்கப் பெருக்க, போரைப் பற்றிய கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்தன. ஸ்டென்சனுக்கு அதில் ஒரு சங்கடம். அறுபத்து நான்கு ஆகஸ்டில், தேவையான நடவடிக்கை எதையும் எடுக்கலாம் என்று ஜனாதிபதிக்குச் சபை ஒப்புதல் கொடுத்தபோது எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஸ்டென்சனும் கை தூக்கியவர்தான். இப்போது தொகுதியில் பாதிப் பேர், குண்டு போதாது இன்னும் போடு என்கிறார்கள், பாதிப் பேர் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவா என்கிறார்கள். அலுவலகத் தலைவர் வெண்டல் கிரெய்ன், "ரெண்டு பக்கமும் கோவிச்சுக்காத மாதிரி ஒரு பாரா வேணும் வெர்னா. உன்னால முடியும்" என்றார்.

அவள் ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினாள். "படைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசமைப்பு ஜனாதிபதியின் கையில் வைத்திருக்கிறது. அயல்நாட்டு விவகாரங்களில் இந்த நாடு ஒரே குரலில் பேசியாக வேண்டும், அந்தக் குரல் அவருடையது. நம் பிள்ளைகள் எங்கே, எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்ற முடிவும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததே. தங்கள் உணர்வை நான் ஆழ்ந்து மதிக்கிறேன்."

முதலில் எழுதியதில் இன்னொரு வரியும் இருந்தது. போரை அறிவிப்பதும், அதற்குப் பணம் ஒதுக்குவதும், படைகளை ஆளும் விதிகளை வகுப்பதும் காங்கிரஸின், அதாவது நாடாளுமன்றத்தின், அதிகாரம் என்ற வரி. அதுவும் அதே அரசமைப்பில் உள்ளதுதான், பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்த வரியை வெண்டல் அடிக்கவில்லை, ஸ்டென்சன் அடிக்கவில்லை. வெர்னாவே கோடு போட்டு அடித்தாள். அதைப் படிக்கிறவர் அடுத்த தபாலிலேயே, 'அப்படியானால் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்பாரே!

வெண்டல் படித்துவிட்டுத் தொடையில் தட்டினார். "பாம்பும் சாகல, கம்பும் முறியல. சட்டம் படிச்சவன்கூட இப்படி எழுத மாட்டான்!"

அதுதான் ஏழாவது பாரா. குண்டு போடச் சொன்னவருக்கும் ஏழு, நிறுத்தச் சொன்னவருக்கும் ஏழு. இருவருமே, உறுப்பினர் தங்கள் பக்கம் என்று நினைத்து நன்றி எழுதினார்கள். பக்கத்து அலுவலகங்களிலிருந்து வந்து நகல் கேட்டார்கள். வெர்னாவுக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று. முப்பத்து நான்கு வயதில், தானியக் கிடங்குக் கணக்கரின் மகள் எழுதிய நான்கு வரி தொகுதி முழுக்க வீட்டுக்கு வீடு போகிறதென்றால் சும்மாவா?

அறுபத்தேழு அக்டோபரில், அறுவடை முடிந்த கையோடு, ஸ்கோக்லி வட்டத்து மகளிர் மன்றத்திலிருந்து முப்பத்து நான்கு பெண்கள் ஒரு பேருந்து பிடித்துத் தலைநகரம் பார்க்க வந்தார்கள். வழக்கப்படி உறுப்பினரின் அலுவலகத்துக்கும் வந்தார்கள். காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தாயிற்று. அவர்கள் கொண்டுவந்த காட்டுச் செர்ரி ஜாம் போத்தல்கள் வெர்னாவின் மேசையை நிறைத்தன. எல்லாரும் நாடாளுமன்றப் படிக்கட்டில் ஸ்டென்சனோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினார்கள்.

ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், கறுப்புக் கோட்டு. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதவுப் பிடியில் கையும் வைத்த பிறகு திரும்பினாள்.

"காங்கிரஸ்மேன், ஒரு நிமிஷம். உங்களுக்கு நேரமில்லன்னா வேண்டாம்."

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க! சொல்லுங்க" என்றார் ஸ்டென்சன்.

"என் பேர் ஓல்கா நெஸ். எங்க பையன் லாய்ல், ஜூலை பதினெட்டாம் தேதி வியட்நாம்ல தவறிட்டான். நீங்க இரங்கல் எழுதியிருந்தீங்க. அதுக்கு நன்றி."

ஸ்டென்சன் அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது மட்டுமில்ல. அதுக்கு முன்னாடி மே மாசம் நான் எழுதினதுக்கும் பதில் போட்டீங்களே, அதுக்குத்தான் முக்கியமா நன்றி சொல்லணும்னு வந்தேன். இங்க பாருங்க, பையிலேயே வெச்சிருக்கேன்." மடிப்பு நைந்துபோன ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "பக்கத்து ஊர்ல ஒரு அம்மாகிட்ட யாரோ ஒரு பெரிய மனுஷர் 'பாக்கறேன், பண்றேன்'னு சொல்லியே ஆறு மாசம் இழுத்தடிச்சாராம். நீங்க எங்களுக்கு ஆசை காட்டல. ஜனாதிபதி கையில இருக்கு, நம்ம கையில இல்லன்னு நேரா சொல்லிட்டீங்க. பிப்ரவரியில எழுதினப்பவும் இதேதான், ஒரு சொல் மாறல. பேச்சு மாத்தாத ஆளுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"உண்மையச் சொல்றது கஷ்டந்தான், மிஸஸ் நெஸ்" என்றார் ஸ்டென்சன். எந்த உண்மை என்று அவருக்குத் தெரியாது. நன்றி வந்த திசையில் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பெரிய மனதோடு வெர்னாவையும் பக்கத்தில் இழுத்தார். "இதுல பாதி வெர்னாவுக்குச் சேரணும். நம்ம பக்கத்துப் பொண்ணு. அவ எழுதினா எழுத்து பேசும்."

"அப்படியாம்மா? உங்களுக்கும் நன்றி" என்று ஓல்கா நெஸ் கை நீட்டினாள். மண்ணில் உழைத்த கை, காய்ப்பு காய்த்திருந்தது. வெர்னா அதைப் பிடித்துக் குலுக்கினாள். சொல்லவே நாக்கூசுகிறது, அந்த நொடியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு, ஜாம் போத்தல்களை ஒதுக்கிவைக்கும்போதுதான் ஒரு சொல் உறுத்தியது. 'ஆசை காட்டல' என்றாளே, எதற்கு ஆசை? போரைப் பற்றி எழுதி ஏழாவது பாராவை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஏதோ கேட்டவளுக்குத்தானே ஆசை?

கோப்பு அலமாரியில் நெஸ் என்ற பெயரில் பதினொரு உறைகள். ஓல்கா நெஸ்ஸின் மே மாதக் கடிதம் ஒரே தாள்தான், கோடுபோட்ட மலிவுத் தாள். 'மறுபடியும் போரைப் பற்றி எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தது. மூலையில் வெர்னாவின் கையெழுத்தில் 2, 7, 15. கீழே, விதைப்பு தாமதமானது, பனி இன்னும் முழுக்க உருகாதது, பாதிரியாருக்கு உடம்பு சரியில்லாதது. பக்கம் முடிந்தது. வெர்னா தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் இப்படி இருந்தது. 'இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மார்ச்சில் என் கணவர் ஐனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. லாய்ல் ஒரே பிள்ளை. குடும்பக் கஷ்டத்துக்காக அவனை விடுவிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். எல்லாம் விசாரித்துச் சரிபார்த்துவிட்டார்கள். காகிதம் எங்கோ நின்றுவிட்டதாம். காங்கிரஸிலிருந்து ஒருவர் கேட்டால் நகரும் என்று அவனுடைய கேப்டனே சொன்னாராம். உங்களுக்குச் சிரமம் என்றால் வேண்டாம்.'

வெர்னா நின்றபடியே அதை மூன்று முறை படித்தாள். ஒரு துண்டுச் சீட்டு போதும். இரண்டு மாடிப் படிக்கட்டு. அந்த ஆண்டில் மட்டும் ஐந்து பிள்ளைகளுக்காக அவள் அப்படிப் போயிருந்தாள், மூன்று பேர் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். கடிதத்துக்குப் பதில் போனது மே இருபத்து நான்கு. லாய்ல் செத்தது ஜூலை பதினெட்டு. நடுவில் ஐம்பத்தைந்து நாள். முகம் தீயாய் எரிந்தது. கேட்க வந்ததைக் கதவுப் பிடியில் கை வைத்துத்தான் கேட்பார்கள் என்று தெரிந்தவள், தாளைத் திருப்பாமல் விட்டாள்! வேறு ஊர்க்காரி விட்டிருந்தால் தெரியாமல் விட்டாள் எனலாம். இவளுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதோடு முடிந்ததா? அந்த அம்மாள் ஏழாவது பாராவைத் தன் விண்ணப்பத்துக்கான பதிலாகவே படித்திருக்கிறாள். பிள்ளைகள் எங்கே, எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்ற முடிவு ஜனாதிபதியுடையது. ஆகவே என் பிள்ளையை விடுவிப்பதும் அவர் கையில்தான். இதைவிடத் தெளிவாக ஒருவர் 'இல்லை' என்று மறுக்க முடியுமா? வெர்னா அடித்துப்போட்ட அந்த ஒரு வரி இருந்திருந்தால், காங்கிரஸுக்கும் கையுண்டு என்று தெரிந்து அவள் இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம்.

வெண்டலிடம் போய்த் தாளை நீட்டினாள். அவர் இரண்டு பக்கமும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவைச் சாத்து" என்றார். பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அவங்ககிட்ட சொல்லணும், வெண்டல்."

"எதுக்கு? அந்தம்மா நன்றி சொல்லிட்டு நிம்மதியாப் போறாங்க. நீ போய்க் கிளறுவியா?"

"அது பொய் நிம்மதி."

"நிம்மதியில பொய் என்ன, நிஜம் என்ன? தேர்தல் வருது, அதுக்காகச் சொல்றேன்னு நெனைப்ப. அதுக்காகவும்தான் சொல்றேன். ஆனா அது மட்டுமில்ல. இதச் சொன்னா யாருக்கு நல்லதுன்னு யோசிச்சுப் பாரு. அவங்களுக்கா, உனக்கா?"

"நான் செஞ்ச தப்பு அவங்களுக்குத் தெரியாம இருந்தா நான் மனுஷியா?"

"அப்ப உனக்குத்தான்" என்றார் வெண்டல்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஓட்டுக்காகப் பேசும் ஆளுக்கு மனச்சாட்சியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தாள். கோட்டைக்கூடப் போடாமல் கிளம்பினாள்.

படிக்கட்டில் புகைப்படம் முடிந்திருந்தது. ஸ்டென்சன் சபைக்குள் போய்விட்டார். பக்கத்துத் தெருவில் பேருந்து நின்றது, பெண்கள் ஒவ்வொருவராக ஏறி மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓல்கா நெஸ் வரிசையில் கடைசியாக நின்றாள்.

"மிஸஸ் நெஸ், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

"என்னம்மா, கோட்டு இல்லாம வந்துட்ட? காத்து அடிக்குதே."

மரத்தடிக்குக் கூட்டிப்போய், வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள். அது ஸ்டென்சனுடைய பதில் இல்லை, ஒரு இயந்திரம் அடித்தது, எல்லாருக்கும் அதேதான் போகும், அதை எழுதியவள் தான், தாளின் பின்பக்கத்தைத் தான் பார்க்கவே இல்லை. ஜனாதிபதிக்கும் லாய்லின் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை, கீழ் மாடியில் போய்க் கேட்டிருக்கலாம்.

ஓல்கா நெஸ் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கேப்டன் சொன்னது சரிதானா, அப்ப?"

"சரிதான்."

"கேட்டிருந்தா நகர்ந்திருக்குமா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. இந்த வருஷம் அஞ்சு பேருக்குக் கேட்டேன். மூணு பேர் வந்துட்டாங்க."

மூன்று பேர் என்று ஏன் சொன்னாள்? யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. உண்மை சொல்கிறேன் என்ற வேகத்தில் அதையும் கொட்டிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். அழுகை வந்தது. அழுதாள்.

எங்கள் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டால், காலில் வண்டி ஏறியிருந்தாலும், பரவாயில்லை என்ற சொல் தானாக வாயில் வரும். ஓல்கா நெஸ்ஸும் வாயைத் திறந்தாள். "பரவா..." என்றாள். மிச்சம் வரவில்லை.

பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "ஐனாருக்குப் பேச்சு வராது. இடது கையால சிலேட்டுல எழுதிக் காட்டுவார். உங்க பதில் வந்ததுலேருந்து தினமும் காலையில ஒரே சொல்லுதான் எழுதுவார். 'எழுது.' மறுபடி எழுதுன்னு. நான்தான் மாட்டேன்னேன். ரெண்டு தடவை சொல்லிட்டாங்க, இன்னமும் கேக்கறது அழகில்லன்னு அவரை அதட்டினேன். ஒரு நாள் சிலேட்டப் பிடுங்கி ஒளிச்சுகூட வெச்சேன்."

வெர்னாவின் அழுகை நின்றுவிட்டது.

"ஜூலைக்கு அப்புறம் அவர் என்னையே பாத்துக்கிட்டு இருப்பார். என்ன கேக்கறார்னு எனக்குத் தெரியும். நான் இந்தக் கடுதாசியக் கொண்டுபோய்க் காட்டுவேன். பாருங்க, யார் கையிலயும் இல்ல, எழுதியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்னு சொல்லுவேன். படிப்பார். தலையாட்டுவார். அப்புறம் தூங்குவார். நானும் தூங்குவேன்."

வெர்னாவுக்கு அப்போதுதான் தான் செய்திருப்பது என்னவென்று புரிந்தது. ஐந்து மாதமாகத் தன்னிடம் இருக்க வேண்டிய பழியைத் தூக்கி, அந்த அம்மாளின் தலையில் வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டு நின்றிருக்கிறாள். ஓட்டுக்காகப் பேசிய வெண்டல் கண்டதை இவள் காணவில்லை. தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்ற ஒன்றைத்தான் கண்டாள். வெட்கம் என்றால் அதுவரை அவளுக்குத் தெரிந்தது முகம் சிவப்பது மட்டும்தான். இது வேறு. நின்ற இடத்தில் தான் இல்லாமல் போனால் தேவலை என்றிருந்தது.

"ஓல்கா! சாப்பாடு ஆறுது!" என்று பேருந்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

"வர்றேன்" என்றாள் ஓல்கா நெஸ். பிறகு வெர்னாவைப் பார்த்தாள். "நீ நல்லா எழுதுவன்னு உங்க காங்கிரஸ்மேன் சொன்னாரே. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போயிடுவேன். காங்கிரஸ்மேன் என்ன சொன்னார்னு ஐனார் சிலேட்டுல கேப்பார். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் வெர்னா தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் உண்மையாகவே கேட்டாள், சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போவதற்குக் காத்து நின்றாள்.

ஓல்கா நெஸ் கைப்பையைத் திறந்து, மடிப்பு நைந்த அந்தக் கடிதத்தை எடுத்து வெர்னாவின் கையில் வைத்தாள். "இத நீயே வெச்சுக்கம்மா. இனிமே என்னால இத அவர்கிட்ட காட்ட முடியாது."

சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறிப் போனாள். பேருந்து கிளம்பியது. விஷயம் எதுவும் தெரியாத மற்ற முப்பத்து மூன்று பெண்களும் ஜன்னல் வழியாக வெர்னாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். வெர்னாவும், கடிதம் இருந்த கையைத் தூக்கி, சிரித்த முகமாகத் திருப்பிக் கையசைத்தாள்.